பாலத்தை இடித்த கதை

ஐபோனுக்கு ஒரு செயலி எழுத வேண்டும். அதே செயலி ஆண்ட்ராய்டிலும் ஓட வேண்டும். எத்தனை தடவை எழுத வேண்டும்? இரண்டு தடவை!

2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அதே வருடம் அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. அன்று தொடங்கிய தலைவலி இது. ஆப்பிளுக்கு ஆப்ஜெக்டிவ்-சி என்ற மொழி, ஆண்ட்ராய்டுக்கு ஜாவா. ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் அப்படியே ஓட்ட முடியாது. ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். ஆக இரண்டு மொழி, இரண்டு கருவி, இரண்டு குழு, இரண்டு செலவு. (அந்நாளில் பிளாக்பெரி, சிம்பியன், விண்டோஸ் மொபைல் எல்லாம் வேறு உயிரோடு இருந்தன. அவற்றையும் சேர்த்தால் ஐந்து தடவை!)

ஒரே தடவை எழுதினால் போதாதா என்ற கேள்விக்குப் பதிலாக வந்தவைதான் ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறமூலக் கருவிகள். அவற்றின் வரலாற்றைப் படித்தால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘வரப்போகிறது’. அடுத்த பதிப்பில் வேகம் வரப்போகிறது, அடுத்த பதிப்பில் திக்கல் போகப்போகிறது, அடுத்த பதிப்பில் எல்லாம் சரியாகப்போகிறது... அப்படிச் சொல்லப்பட்டவற்றில் மிகப் பெரிய ஒன்று எல்லோர் கைக்கும் வந்து சேர ஆறு வருடமும் நான்கு மாதமும் ஆயின. அது ரியாக்ட் நேட்டிவ் என்ற கருவியின் ‘பாலம்’ இடிபட்ட கதை. உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று, திறமையான ஆட்களை வைத்துக்கொண்டு செய்த வேலைக்கு ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?

முதலில் ஒரு சின்ன முன்கதை.

2008-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் நிரலாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே ஒரு யோசனை பிறந்தது. எல்லா போனிலும் பிரவுசர் இருக்கிறது. பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். அப்படியானால் முகவரிப் பட்டி இல்லாத ஒரு பிரவுசரைத் திரை முழுவதும் விரித்து, அதற்குள் வலைப்பக்கத்தையே செயலியாகக் காட்டினால் என்ன? கேமரா, தொலைபேசிப் புத்தகம் போன்றவற்றை மட்டும் ஒரு சின்ன நிரல் வழியாக எட்டிப் பிடித்துக்கொள்ளலாம். இதுதான் ஃபோன்கேப். கனடாவின் வான்கூவரில் இருந்த நிட்டோபி என்ற சின்னக் கம்பெனி இதை வளர்த்தது. 2011 அக்டோபரில் அடோபி நிட்டோபியை வாங்கியது. மூல நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. அங்கே அதற்கு கார்டோவா என்று பெயர். நிட்டோபியின் அலுவலகம் இருந்த தெருவின் பெயர் அது!

ஃபோன்கேப்காரர்கள் வித்தியாசமானவர்கள். தங்கள் கருவி ஒரு நாள் இல்லாமல் போவதுதான் தங்கள் இலக்கு என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். பிரவுசர்கள் போதுமான அளவு வளர்ந்துவிட்டால் இடையில் ஃபோன்கேப் எதற்கு என்பது அவர்கள் வாதம். 2020-ல் அடோபி ஃபோன்கேப்பைக் கைவிட்டது. ஆனால் அப்பாச்சியிடம் இருந்த கார்டோவா சாகவில்லை. அதன் புதிய பதிப்புகள் அதற்குப் பிறகும் வந்தன. முதலாளி போனாலும் நிரல் பிழைத்தது; இது திறமூலத்தின் நல்ல பக்கம்.

கெட்ட பக்கம் என்று சொல்ல முடியாது, கடினமான பக்கம் என்று சொல்லலாம். அது பின்னால் வருகிறது.

ஃபேஸ்புக் பட்ட அடி

ஃபேஸ்புக்கும் இந்த வலைப்பக்க வழியில்தான் போனது. அதன் ஐபோன் செயலியின் பெரும் பகுதி உள்ளுக்குள் வலைப்பக்கம். மெதுவாக இருந்தது, பயனர்கள் திட்டினார்கள். 2012 ஆகஸ்டில் அந்தச் செயலியை ஆப்பிளின் சொந்த மொழியில் திரும்ப எழுதி வெளியிட்டார்கள். அடுத்த மாதமே மார்க் ஜுக்கர்பெர்க் ஒரு மேடையில், எச்டிஎம்எல் 5-ஐ அளவுக்கு மீறி நம்பியதுதான் கம்பெனி செய்த மிகப் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார்.

வேகம் வந்தது. ஆனால் பழைய தலைவலியும் திரும்ப வந்தது: இரண்டு தடவை எழுத வேண்டும். அந்தச் சூழலில் 2013 கோடையில், கம்பெனிக்குள் நடந்த ஒரு ஹேக்கத்தானில் முளைத்ததுதான் ரியாக்ட் நேட்டிவ். 2015 ஜனவரியில் அறிவித்தார்கள். மார்ச்சில் ஐபோனுக்கான நிரலை கிட்ஹப்பில் திறந்து வைத்தார்கள். செப்டம்பரில் ஆண்ட்ராய்டும் சேர்ந்தது.

இதன் யோசனை ஃபோன்கேப்பிலிருந்து வேறுபட்டது. எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில்தான். ஆனால் திரையில் தெரிவது வலைப்பக்கம் அல்ல. பட்டன் என்றால் ஆப்பிளின் நிஜப் பட்டன், ஆண்ட்ராய்டின் நிஜப் பட்டன். ஜாவாஸ்கிரிப்ட், ‘இங்கே ஒரு பட்டன் வை’ என்று சொல்லும், போன் வைக்கும். மாற்றம் செய்தால் சில நிமிடம் காத்திருக்காமல் உடனே திரையில் பார்க்கலாம் என்பது இன்னொரு கவர்ச்சி. வலைத்தளம் செய்யத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே இரவில் செல்பேசி நிரலாளர் ஆனது போல ஒரு உற்சாகம்.

சரி, ஜாவாஸ்கிரிப்ட் ‘சொல்லும்’ என்றோமே, எப்படிச் சொல்லும்? இங்கேதான் பாலம் வருகிறது.

ஒரு ஆறு, ஒரே ஒரு பாலம்

ஆற்றின் ஒரு கரையில் ஜாவாஸ்கிரிப்ட். மறு கரையில் போனின் சொந்த நிரல். இருவர் மொழியும் வேறு. நடுவில் ஒரு பாலம். பாலத்தின் மேல் ஆட்கள் போக முடியாது, கடிதம் மட்டும்தான் போகலாம். ஜாவாஸ்கிரிப்ட் தன் வேண்டுகோளை ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் கடிதமாக எழுதும். பல கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பும். மறு கரையில் கட்டைப் பிரித்து, படித்து, வேலையைச் செய்து, பதில் தேவையென்றால் அதையும் கடிதமாக எழுதித் திருப்பி அனுப்புவார்கள். பதில் எப்போது வரும் என்று நிச்சயம் இல்லை. அதுவரை ஜாவாஸ்கிரிப்ட் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இது மோசமான ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கரையில் வேலை தேங்கினாலும் மறு கரை நின்றுவிடாது என்பது பெரிய வசதி. சாதாரணப் படிவம், பட்டியல், பட்டன் எல்லாம் இதில் நன்றாகவே ஓடின.

சிக்கல் விரலில் இருந்தது. பயனர் ஒரு நீண்ட பட்டியலை வேகமாக உருட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இத்தனையாவது வரிக்கு வந்துவிட்டார்’ என்று போன் கடிதம் எழுதுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் படித்து, அடுத்த பத்து வரிகளில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறது. பதில் வருவதற்குள் விரல் இன்னும் கீழே போய்விட்டது. நடுவில் வெற்று வெள்ளைத் திரை! ரியாக்ட் நேட்டிவ் செயலிகளில் பட்டியலை வேகமாக இழுத்தால் ஒரு கணம் வெள்ளையாகத் தெரியும் என்பது நிரலாளர்கள் எல்லோரும் அறிந்த நோயாக இருந்தது. ஒரு பெட்டியின் அகலத்தை அளந்து, அதற்கேற்ப இன்னொன்றை வைக்க வேண்டும் என்றாலும் இதே கதைதான். அளவு கடிதத்தில் வரும்வரை ஒன்று தவறான இடத்தில் நின்று, பிறகு துள்ளி நகரும்.

இன்னொரு செலவும் உண்டு. கேமரா, புளூடூத், இருப்பிடம் என்று மறு கரையில் இருக்கும் ஒவ்வொரு பிரிவும் செயலி திறக்கும்போதே தயாராகி நிற்க வேண்டும். அன்று முழுக்க யாரும் கேமராவைத் தொடாவிட்டாலும் சரி. செயலி திறக்கத் தாமதம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

2018 ஜூன்

2018 ஜூன் 14 அன்று, ஃபேஸ்புக்கின் ரியாக்ட் குழுவை நடத்திய சோஃபி ஆல்பர்ட் ஒரு அறிக்கை எழுதினார். ரியாக்ட் நேட்டிவின் உள் அமைப்பையே பெரிய அளவில் மாற்றப் போகிறோம், பாலத்தை எளிமையாக்கி ஜாவாஸ்கிரிப்டும் போனும் நேரடியாகப் பேச வழி செய்யப் போகிறோம் என்பது சாரம். பழைய செயலிகள் சிறிய மாற்றத்தோடோ மாற்றமே இல்லாமலோ ஓட வேண்டும் என்பதும் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

சரியாக ஐந்து நாள் கழித்து ஒரு குண்டு விழுந்தது. ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவிலிருந்து விலகுவதாக அறிவித்தது! 2016 முதல் அதைப் பயன்படுத்தி வந்த கம்பெனி அது. ரியாக்ட் நேட்டிவுக்காகப் பல துணை நூலகங்களை எழுதிப் பொதுவில் கொடுத்த கம்பெனியும் கூட. தங்கள் அனுபவத்தை ஐந்து பாகமாக எழுதினார்கள். திட்டித் தீர்க்கவில்லை. நன்றாக நடந்ததையும் சொன்னார்கள். ஆனால் ஒரு தடவை எழுதினால் போதும் என்று வந்த இடத்தில், இரண்டு சொந்த மொழிகளோடு மூன்றாவதாக ஒரு உலகத்தையும் பராமரிக்க வேண்டியதாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு.

ஒரே வாரத்தில் இரண்டு செய்தி. ஒன்று, எல்லாம் சரியாகப் போகிறது. மற்றொன்று, பெரிய வாடிக்கையாளர் வெளியேறுகிறார். அன்று ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருந்த நிரலாளர் எதை நம்புவார்? அதே வருடம் டிசம்பரில் கூகுளின் ஃப்ளட்டர் 1.0 வேறு வெளிவந்து கடையை விரித்தது. இதுவும் திறமூலம்தான். இதில் போனின் பட்டனையே கேட்பதில்லை; திரையின் ஒவ்வொரு புள்ளியையும் கருவியே வரைந்துகொள்ளும். (‘கொ’ என்று எழுதினால் முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று எழுத்தைக் கோக்கும் வேலையைக் கூட அது தன் பைக்குள் கொண்டுவந்த நூலகத்தால்தான் செய்யும்.) ஆறே இல்லை, பாலமும் இல்லை. பலர் அந்தப் பக்கம் போனார்கள்.

காத்திருந்த காலம்

பாலத்துக்குப் பதிலாக வரவிருந்தது என்ன? சி++ மொழியில் எழுதிய ஒரு மெல்லிய அடுக்கு. பெயர் ஜேஎஸ்ஐ. இதில் கடிதமே கிடையாது. மறு கரையில் இருக்கும் பொருளை ஜாவாஸ்கிரிப்ட் கையிலேயே பிடித்துக்கொள்ளலாம், நேராகக் கூப்பிடலாம், பதிலை அந்த நொடியே வாங்கலாம். இதன் மேல் இரண்டு கட்டடங்கள். திரையை வரைவதற்கு ஃபேப்ரிக். கேமரா போன்ற பிரிவுகளுக்கு டர்போ மாட்யூல். கூப்பிட்டால்தான் இவை எழுந்து வரும், முன்கூட்டியே எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை.

படிக்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 2019 போனது, 2020 போனது...

இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 2019 ஜூலையில் ஹெர்மீஸ் என்ற புதிய ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் வந்தது. போனில் ஓடும்போது நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதற்குப் பதிலாக, செயலியைத் தயாரிக்கும்போதே அந்த வேலையை முடித்து வைக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் செயலி திறக்கும் நேரம் இதனால் குறைந்தது. முதலில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும், 2021-ல் ஐபோனுக்கும், 2022 செப்டம்பரில் எல்லோருக்கும் இயல்பாக. ஹெர்மீஸ் வந்து சேரவே மூன்று வருடம்!

பொறுக்க முடியாதவர்களும் இருந்தார்கள். போலந்தின் சாஃப்ட்வேர் மேன்ஷன் என்ற கம்பெனி, ஜேஎஸ்ஐ என்ற அடித்தளம் மட்டும் தயாராக இருப்பதைப் பார்த்து, மேலே கட்டடம் வரும்வரை காத்திருக்காமல் ரீஅனிமேட்டட் என்ற தன் அசைவு நூலகத்தின் இரண்டாம் பதிப்பை அதன் மேலேயே எழுதிவிட்டது. விரலோடு சேர்ந்து ஓடும் அசைவுகள் பாலத்தைத் தொடாமலே நடந்தன. ஷாப்பிஃபை இன்னும் துணிச்சலாக, 2020 ஜனவரியில், இனி எங்கள் புதிய செல்பேசிச் செயலிகள் எல்லாம் ரியாக்ட் நேட்டிவில்தான் என்று அறிவித்தது. ஏர்பிஎன்பி இறங்கிய வண்டியில் இது ஏறியது. ஏறியதோடு நிற்காமல், அந்த வெள்ளைத் திரை நோய்க்கு மருந்தாக ஃபிளாஷ்லிஸ்ட் என்ற பட்டியல் நூலகத்தை 2022-ல் எழுதிப் பொதுவில் வைத்தது.

இனி முக்கியமான விஷயம். 2021-க்குள் ஃபேஸ்புக் செயலிக்குள் இருந்த ரியாக்ட் நேட்டிவ் திரைகள் புதிய ஃபேப்ரிக் மேல் ஓடத் தொடங்கிவிட்டன. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் செயலி. ஆக நிரல் தயார், சோதித்தும் ஆகிவிட்டது. ஆனால் வெளியுலகத்துக்கு, விரும்பினால் முயன்று பாருங்கள் என்ற அளவில் அது வந்ததே 2022 மார்ச் இறுதியில், 0.68 பதிப்பில்தான். கேட்காமலே எல்லோருக்கும் இயல்பாக வந்தது 2024 அக்டோபரில். நிரல் தயாரான பிறகும் மூன்று வருடம் எங்கே போனது?

ஃபேஸ்புக்குக்குள் எல்லா நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. உள்ளமைப்பை மாற்றுபவரே அதைப் பயன்படுத்தும் அத்தனை இடங்களையும் தேடித் திருத்திவிடலாம். ஒரே வீட்டுக்குள் குழாயை மாற்றுவது போல. வெளியே அப்படி இல்லை. ஒரு சாதாரணச் செயலி கேமராவுக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, பணம் கட்ட ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று என்று பல வெளி நூலகங்களைச் சார்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் எழுதியவர் ஒவ்வொரு ஊர். பலருக்கு அது சம்பளம் இல்லாத வேலை. பகலில் வேறு வேலை. அந்த நூலகங்கள் எல்லாம் பழைய பாலத்துக்கென்று எழுதப்பட்டவை. நாற்பது நூலகங்களில் முப்பத்தொன்பது மாறினாலும், மாறாத அந்த ஒன்றால் செயலி முழுவதும் பழைய பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

நூலகக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. பயனர்கள் யாரும் புதியதற்கு மாறவில்லை, நான் மட்டும் ஏன் மாற்றி எழுத வேண்டும் என்பார். பயனரோ, நூலகங்கள் மாறவில்லை, நான் எப்படி மாறுவேன் என்பார். நீ முதலில், நீ முதலில் என்று இரண்டு பேரும் வாசலிலேயே நின்ற கதை! முன்பு சொன்ன கடினமான பக்கம் இதுதான். திறமூலத்தில் நிரலை யாரும் பூட்டி வைக்க முடியாது. ஆனால் ஒருவரைக் கட்டாயப்படுத்தி எழுத வைக்கவும் முடியாது.

புதியது வாங்கும்போது கையிலிருந்து போனதும் உண்டு. பல வருடமாக நிரலாளர்கள் பிழை தேட, ஜாவாஸ்கிரிப்டைப் போனிலிருந்து கழற்றி, மேசைக் கணினியின் குரோம் பிரவுசரில் ஓட விட்டுப் பார்ப்பார்கள். கடிதம்தானே, போனிலிருந்து கணினிக்கு வலையமைப்பு வழியாகப் போனால் என்ன? பாலம் இருந்ததால்தான் அந்த வித்தை சாத்தியமாயிற்று. நேரடியாகக் கையைப் பிடித்துப் பேசும் ஜேஎஸ்ஐ வந்ததும் அது உடைந்தது. கணினியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் போனுக்குள் கையை நீட்ட முடியாதல்லவா? 2020-ல் ஃபிளிப்பர் என்ற கருவியைக் கூடவே கொடுத்தார்கள். 2024-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 0.76 பதிப்போடு புதிய பிழைதேடும் கருவி வந்தது. 2025-ல் 0.79 பதிப்பில் பழைய குரோம் வழி அறவே நீக்கப்பட்டது. இந்த இடைப்பட்ட காலத்தில் பிழை தேடியவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

வழி பிறந்தது

கடைசியில் பூட்டைத் திறந்தது வேகமான புது நிரல் அல்ல. பழையதைத் தாங்கும் ஒரு சமரச ஏற்பாடு. புதிய அமைப்புக்குள்ளேயே பழைய நூலகம் வந்து உட்கார, இடையில் மொழிபெயர்க்கும் ஒரு அடுக்கை 2023, 2024-ல் சேர்த்தார்கள். பழைய நூலகத்துக்குத் தான் இன்னும் பாலத்தோடு பேசுகிறோம் என்ற நினைப்பு. உண்மையில் பாலம் கிடையாது! மாறாத அந்த நாற்பதாவது நூலகத்தால் செயலி நின்றுபோகும் நிலை பெரும்பாலும் தீர்ந்தது. நூலகக்காரர்களுக்கு உதவ கிட்ஹப்பில் ஒரு பணிக்குழுவும் நடத்தினார்கள். அதிகம் பயன்படும் நூலகங்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள்.

2024 அக்டோபர் 23 அன்று 0.76 வந்தது. புதிய அமைப்பு இயல்பானது. அதற்குள் 850-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அதனோடு ஒத்துப்போவதாகச் சொன்னார்கள். 2018 ஜூனில் வேலையே தெரியாமல் கல்லூரியில் சேர்ந்த ஒருவர், இந்த அறிவிப்பு நிறைவேறும்போது படிப்பு முடித்து இரண்டு வருட அனுபவம் உள்ள நிரலாளராக இருந்திருப்பார்.

இவ்வளவு தாமதம் ரியாக்ட் நேட்டிவுக்கு மட்டும் வந்த சாபமா? இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் ஜமாரின் கருவிக்கு வாரிசாக மௌயியை 2020 மே மாதம் அறிவித்தது. 2021 நவம்பரில் வர வேண்டியது. 2022 மே மாதம் வந்தது. அரை வருடத் தாமதம், அவ்வளவுதான். ஆனால் ஜமாரினுக்கான ஆதரவு 2024 மே 1-ஆம் தேதியோடு நின்றது. மாறுவதற்குக் கிடைத்தது இரண்டு வருடம்கூட இல்லை.

ஃப்ளட்டரும் வாக்குக் கொடுத்துக் காத்திருக்க வைத்தது. ஐபோனில் ஒரு அசைவு முதல் தடவை ஓடும்போது மட்டும் திக்கும். இரண்டாம் தடவை சரியாகும். அதைத் தீர்க்க இம்பெல்லர் என்ற புதிய வரையும் இயந்திரத்தையே எழுதினார்கள். ஐபோனில் 2023 மே மாதமும், புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 2024 டிசம்பரிலும் அது இயல்பானது. ஆனால் ஃப்ளட்டர் வரலாற்றில் இதைவிடக் கவனிக்க வேண்டியது வராமல் போன ஒன்று. டார்ட் மொழியில் ‘மேக்ரோ’ வரப்போகிறது என்று சொல்லி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுத வேண்டிய நிரலைக் கணினியே எழுதிக்கொள்ளும் என்று 2024 மே மாதம் முன்னோட்டமும் காட்டினார்கள். நிரலாளர்கள் ஆவலோடு இருந்தார்கள். 2025 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஒரு தடையைத் தாண்டினால் அடுத்த தடை. மாற்றியதை உடனே திரையில் காட்டும் ஃப்ளட்டரின் அந்தப் புகழ்பெற்ற வேகத்தை இழக்க வேண்டிவரும் என்பது காரணம். சிலர் திட்டினார்கள். உண்மையில் அது நேர்மையான முடிவு. இன்னும் நாலு வருடம் ‘வரப்போகிறது’ என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழையதிலேயே இருந்தால் என்ன?

இங்கே ஒரு கேள்வி எழும். திறமூலம்தானே, பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே? மேசைக் கணினி மென்பொருளாக இருந்தால் இருக்கலாம். செல்பேசியில் முடியாது. கருவியின் மூல நிரல் திறந்திருக்கிறது, ஆனால் செயலியை விற்கும் கடை ஆப்பிளுடையது, கூகுளுடையது. வருடா வருடம் அவர்கள் விதியை உயர்த்துவார்கள். 2019 ஆகஸ்டில் 64 பிட் கட்டாயம் என்றது கூகுள். ரியாக்ட் நேட்டிவ் அதற்குத் தயாரானது அந்த வருடம் மார்ச்சில் வந்த 0.59-ல்தான். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேற்பட்டதையும் குறிவைக்கும் செயலிகள் 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களைத் தாங்க வேண்டும் என்றது (அவகாசம் கேட்கவும் வழி வைத்தது). ரியாக்ட் நேட்டிவில் அதற்கான முழு ஆதரவு 2025 ஜனவரியில் வந்த 0.77-ல் இருந்துதான். 0.70-லோ 0.71-லோ நிறுத்தி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், ஒரு சின்னப் பிழையைத் திருத்திக் கடையில் ஏற்ற வேண்டும் என்றால்கூட அத்தனை பதிப்புகளையும் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு தாண்டலிலும் ஏதாவது ஒரு நூலகம் உடையும். இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் எந்தெந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று வரிவரியாகக் காட்ட, பயனர்களே சேர்ந்து ஒரு தனித் தளம் நடத்த வேண்டியிருந்தது என்றால் பாடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான். தனியாளாகச் செயலி நடத்துபவருக்கு இதுவே செயலியின் ஆயுள். கருவி ‘வரப்போகிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில், கடையின் நாட்காட்டி காத்திருப்பதில்லை.

0.76-க்குப் பின் வேலை வேகமாக நடந்தது. 2025 ஜூனில் 0.80 வந்தபோது பழைய அமைப்பை அப்படியே உறைய வைத்தார்கள். இனி அதில் திருத்தம் கிடையாது என்றார்கள். ஷாப்பிஃபையின் ஃபிளாஷ்லிஸ்ட் இரண்டாம் பதிப்பு புதிய அமைப்பில் மட்டும்தான் ஓடும் என்று வந்தது. 2025 அக்டோபரில் 0.82. பழைய அமைப்புக்குத் திரும்பும் வழி அதில் இல்லை. அதே மாதம், ரியாக்ட்டையும் ரியாக்ட் நேட்டிவையும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமையும் தனி அமைப்பிடம் ஒப்படைப்பதாக, ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா அறிவித்தது. நிட்டோபியின் நிரல் அப்பாச்சிக்குப் போய்ப் பதினான்கு வருடத்துக்குப் பிறகு இன்னொரு கருவியும் அதே மாதிரியான வாசலுக்கு வந்து நின்றது.

2025 டிசம்பரில் 0.83 வெளியானது. பயனர் எழுதிய எதையும் உடைக்காத முதல் பதிப்பு இது என்று அறிவித்தார்கள். பிறந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. பதிப்பு எண் அப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்கியது.